கூர்மையும் பூட்டும்: உயர் தெளிவுக் காணொளி பார்வையாளருக்கு எவ்வளவு பொருட்டு?

எச்.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் உயர் தெளிவுக் காணொளி வீடுகளுக்குள் தனியாக நுழையவில்லை. படத்தின் கூர்மையைப் பல மடங்கு உயர்த்தித் தருவதாக வாக்களித்த அதே தொழில்துறை, அந்தக் கூர்மையான படத்தை எவரும் படியெடுத்துவிடக் கூடாது என்ற அச்சத்தால், வட்டு, பிளேயர், இணைப்புக் கம்பி, தொலைக்காட்சி ஆகிய ஒவ்வொரு படியிலும் ஒரு பூட்டைப் பொருத்தியே அதைச் சந்தைக்கு அனுப்பியது. எனவே உயர் தெளிவின் மதிப்பை அளக்க முற்படும் எவரும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே எழுப்ப வேண்டியுள்ளது. சாதாரண வீட்டில் சாதாரணத் தொலைவில் அமர்ந்து பார்ப்பவரின் கண்ணுக்கு அந்தக் கூடுதல் கூர்மை உண்மையில் எட்டுகிறதா என்பது முதற்கேள்வி. நகல் தடுப்பு, தான் சொல்லிக்கொள்ளும் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா, இல்லையெனில் அது யாரை, எவ்வாறு பாதிக்கிறது என்பது இரண்டாவது. கிடைக்கும் சான்றுகளை ஒருங்கே வைத்து நோக்கினால், கூர்மை சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே பார்வையாளரைச் சென்றடைகிறது என்பதும், பூட்டானது திருட்டுப் படியெடுப்பவரைவிடக் கருவி செய்பவரையும் காசு கொடுத்து வாங்கியவரையும் கட்டுப்படுத்துவதிலேயே வெற்றி கண்டிருக்கிறது என்பதும் புலப்படும்.

கூர்மையின் பிறப்பு

தொலைக்காட்சிப் படம் கிடைமட்டக் கோடுகளால் ஆனது. அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய பழைய முறையில் 525 கோடுகளும், இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பின்பற்றிய முறையில் 625 கோடுகளும் இருந்தன. அவற்றுள் திரையில் படமாகத் தெரிந்தவை முறையே ஏறத்தாழ 480, 576 ஆகும். படத்தின் மிகச் சிறிய அலகைப் படப்புள்ளி என்று கொண்டால், எண்ணியல் வடிவில் ஒரு 576 கோட்டுப் படம் சுமார் 4.15 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. முழு உயர் தெளிவு எனப்படும் 1080 கோட்டுப் படமோ சுமார் 20.7 லட்சம் புள்ளிகளைக் கொண்டது. அதன்பின் வந்த 4கே படத்தில் இந்த எண்ணிக்கை சுமார் 83 லட்சமாக உயர்ந்தது. விளம்பரங்கள் இந்தப் பெருக்கத்தையே முன்னிறுத்தின.

உயர் தெளிவின் தொடக்கமோ புள்ளிகளின் எண்ணிக்கையைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே., 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை அடுத்து இந்த ஆய்வைத் தொடங்கியபோது, பார்ப்பவரின் பார்வைப் புலத்தில் படம் எவ்வளவு இடத்தை நிரப்பினால் அவருக்கு நேரில் இருப்பது போன்ற உணர்வு உண்டாகும் என்பதே அதன் அடிப்படை வினாவாக இருந்தது. படம் ஏறத்தாழ 30 பாகை அகலத்துக்குக் கண்ணை நிரப்ப வேண்டும், அதற்குப் பார்ப்பவர் படத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்குத் தொலைவில் அமர வேண்டும் என்று ஆய்வாளர்கள் கண்டனர். அவ்வளவு அருகில் அமர்ந்தால் பழைய முறையின் கோடுகள் தனித்தனியே தெரிந்து உறுத்தும் என்பதாலேயே 1125 கோடுகள் கொண்ட ஹை-விஷன் முறை வகுக்கப்பட்டது. ஆகவே பெரிய திரையும் நெருங்கிய இருக்கையுமே முதல் நோக்கம்; கோடுகளின் பெருக்கம் அந்த நோக்கத்தின் விளைவு. சந்தைக்கு வந்தபோது இந்த வரிசை தலைகீழாயிற்று: இருக்கையும் திரையின் அளவும் மறக்கப்பட்டு, கோடுகளின் எண்ணிக்கையே விற்பனைப் பொருளாயிற்று.

என்.எச்.கே. தன் முறையை 1981இல் அமெரிக்காவில் செய்து காட்டியது. அதன் பின்னர் அமெரிக்கா தனக்கென ஒரு தரத்தை உருவாக்க முனைந்து, 1990இல் முழுவதும் எண்ணியல் முறையிலான முன்மொழிவு ஒன்று வந்ததும் ஒப்புமை முறையைக் கைவிட்டு, 1996 டிசம்பரில் புதிய எண்ணியல் ஒளிபரப்புத் தரத்துக்கு ஒப்புதல் அளித்தது. பழைய ஒளிபரப்பை முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று நிறுத்தின. இந்த நீண்ட மாற்றம் முழுவதையும் அரசுகளும் ஒளிபரப்பாளர்களும் கருவி உற்பத்தியாளர்களும் தமக்குள் பேசி நடத்தினர். பார்வையாளரின் கோரிக்கை அதற்கு உந்துவிசையாக இருந்ததற்கான அடையாளம் மிகக் குறைவு.

கண்ணும் தொலைவும்

ஒரு படத்தின் பிரிதிறன், அதாவது நுண்விவரங்களைத் தனித்தனியே காட்டும் ஆற்றல், திரையில் எவ்வளவு இருந்தாலும் கண்ணுக்கு எட்டுவது தொலைவைப் பொறுத்தே அமைகிறது. இயல்பான பார்வையுடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தில் அமைந்த விவரத்தைப் பிரித்தறிவார் என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். இதன்படி 1080 கோட்டுப் படத்தின் முழு நுட்பமும் தெரிய வேண்டுமானால் படத்தின் உயரத்தைப் போல் சுமார் 3.2 மடங்குத் தொலைவுக்குள் அமர வேண்டும். 720 கோட்டுப் படத்துக்கு 4.8 மடங்கும், 576 கோட்டுப் படத்துக்கு 6 மடங்கும், 4கே படத்துக்கு 1.6 மடங்கும் எல்லைகளாகின்றன. அந்த எல்லைக்கு அப்பால் அமர்பவருக்குக் கூடுதல் புள்ளிகள் திரையில் இருந்தும் இல்லாதவையே.

இந்தியாவில் பெருமளவில் விற்ற 32 அங்குலத் தொலைக்காட்சியின் படம் சுமார் 40 சென்டிமீட்டர் உயரமுடையது. இந்தக் கணக்குப்படி அதன் முன் 1.27 மீட்டருக்குள் அமர்ந்தால்தான் 1080 கோடுகளின் பயன் முழுதாகக் கிடைக்கும். எட்டடித் தொலைவில், அதாவது ஏறத்தாழ 2.4 மீட்டரில், அமர்ந்தவருக்குப் பழைய 576 கோட்டுப் படமே கண்ணின் எல்லையைத் தொட்டுவிடுகிறது. மாறாக 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர் என்பதால் அதே எட்டடியில் 1080 கோடுகளின் பெரும்பகுதி பயன் தருகிறது. 4கே-யின் முழுப் பயனுக்கோ 1.1 மீட்டருக்கு நெருங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தைச் சேர்ந்த பெர்னார்டு லெக்னர் தம் நாட்டு வீடுகளில் தொலைக்காட்சி பார்க்கும் தொலைவு சுமார் ஒன்பதடி என்று கணித்திருந்தார். அந்தத் தொலைவில் 1080 கோடுகளின் முழு நுட்பத்தையும் காண ஏறத்தாழ 69 அங்குலத் திரை வேண்டும். உயர் தெளிவு முதலில் விற்பனைக்கு வந்த ஆண்டுகளில் அத்தகைய திரை பெரும்பாலான வீடுகளில் இல்லை.

மேற்கண்ட அளவுகோலை இறுதி எல்லையாகவும் கொள்வதற்கில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெட்டா நிறுவனத்தாருடன் சேர்ந்து செய்து 2025இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பு வெள்ளை விவரங்களை நேர்ப்பார்வையில் காணும்போது சராசரிக் கண் ஒரு பாகைக்கு 94 புள்ளிகள் வரை பிரித்தறிகிறது என்றும், சில நிறச் சேர்க்கைகளில் இந்தத் திறன் வெகுவாகக் குறைகிறது என்றும் கண்டது. பழைய அளவுகோல் பாகைக்கு 60 புள்ளிகளையே கணக்கில் கொண்டது. புதிய அளவை ஏற்றால் மேலே சொன்ன தொலைவுகள் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் நீளும். 32 அங்குலத் திரையில் 1080 கோடுகளை இரண்டு மீட்டரிலும், 55 அங்குலத் திரையில் 3.4 மீட்டரிலும் அனுபவிக்கலாம். ஆயினும் முடிவின் வடிவம் மாறுவதில்லை: ஒவ்வொரு அறைக்கும் ஒரு போதுமான அளவு உண்டு, அதைத் தாண்டிய புள்ளிகள் விலைப்பட்டியலில் மட்டுமே தெரியும்.

புள்ளிகள் எஞ்சும், விவரம் எஞ்சாது

கோடுகளின் கணக்கு மறைத்துவிடும் இன்னொரு கணக்கு பிட் வீதம், அதாவது ஒவ்வொரு நொடியும் படத்துக்காகச் செலவிடப்படும் தகவலின் அளவு. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும் 1080 கோட்டுத் திரைப்படத்தை, வட்டுகளில் வழக்கமாகப் பயன்படும் நிற நுணுக்கத்துடன், சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி பிட்கள் தேவைப்படும். ப்ளூ-ரே வட்டு படத்துக்காக அனுமதிக்கும் உச்ச அளவு 4 கோடி பிட்கள். இணைய ஓடைச் சேவைகள் இதே அளவுள்ள படத்துக்குப் பயனரிடம் கோரும் இணைப்பு வேகம் நொடிக்கு 50 லட்சம் பிட்கள் அளவிலேயே அமைகிறது. அதாவது வட்டில் மூலத் தகவலின் பதினைந்தில் ஒரு பங்கும், ஓடையில் நூற்றிருபதில் ஒரு பங்கும் எஞ்சுகின்றன. எஞ்சியதைக் கொண்டு மற்றவற்றை ஊகித்து நிரப்பும் பணியைச் சுருக்க மென்பொருள் செய்கிறது. மூன்றும் 1080 என்ற ஒரே எண்ணைத் தாங்கி வந்தாலும் மூன்றும் ஒரே படமல்ல.

இந்த வேறுபாடு புகை, நீர், இருள், வேகமான அசைவு ஆகியவை நிறைந்த காட்சிகளில் வெளிப்படும். 2019 ஏப்ரல் இறுதியில் ஒளிபரப்பான ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர் அத்தியாயம் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. உயர் தெளிவுத் திரைகளில் அதைப் பார்த்தவர்கள் பலர் உருவங்கள் தெரியவில்லை, இருள் படிப்படியான பட்டைகளாக உடைகிறது என்று முறையிட்டனர். ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே தேர்ந்த இருளும் பார்வையாளர்களின் திரை அமைப்பும் அதில் பங்கு வகித்தன என்றாலும், பட்டைகளாக உடைவது சுருக்கத்தின் கைவரிசையே. அதற்கு நேர்மாறான உண்மையும் கவனத்துக்குரியது: பழைய ஒளிபரப்பைவிட டிவிடி படம் வெகு தெளிவாகத் தெரிந்ததற்கு அதில் கோடுகள் கூடியிருந்தது காரணமன்று, நிறத்தையும் ஒளியையும் ஒன்றாகக் கலந்து அனுப்பும் பழைய முறையின் குறைகள் அதில் நீங்கியிருந்ததே காரணம்.

பார்வையாளரை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளும் இதையே சுட்டுகின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டபிள்யூ. ரசல் நியூமன் 1980களின் இறுதியில் நடத்திய பார்வையாளர் ஆய்வுகள், உயர் தெளிவின் மீதான விருப்பம் தொழில்துறை எதிர்பார்த்த அளவுக்கு வலுவாக இல்லை என்றும், அது பார்க்கும் தொலைவையும் நிகழ்ச்சியையும் பொறுத்து மாறியது என்றும் காட்டின. ஒலியின் தரம் உயர்ந்தபோது பார்வையாளர்கள் படமே மேம்பட்டதாகக் கருதினர் என்பதும் அவ்வாய்வுகளின் பேசப்பட்ட முடிவுகளுள் ஒன்று. வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் பிற நிறுவனங்களுடன் இணைந்து நடத்தி 2020இல் முடிவுகள் வெளியான ஒப்பீட்டில், எது எந்தப் படம் என்பதை மறைத்து, 4கே-யினும் புள்ளிகள் கூடிய 8கே படங்களையும் 4கே படங்களையும் 88 அங்குலத் திரையில் காட்டியபோது, பெரும்பாலானோர் அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அந்தச் சோதனையை நடத்திய திரைப்படத் துறையினருக்கு உயர்ந்த தெளிவின் மீது பகையேதும் இல்லை என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது.

பார்வையாளர் எதைத் தேர்ந்தனர்?

சோதனைக்கூடத்தைவிடச் சந்தையின் வரலாறு தெளிவாகப் பேசுகிறது. 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டிவிடி மிக விரைவாகப் பரவியது. நாடாவைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை, வேண்டிய காட்சிக்கு உடனே தாவலாம், வட்டு சிறியது, விலை குறைவு என்ற வசதிகள் அதன் படத்தரத்துடன் சேர்ந்து நின்றன. உயர் தெளிவுத் திரைப்படங்களை நாடாவில் தந்த டி-தியேட்டர் முறை 2002இல் வந்து அடையாளமின்றி மறைந்தது. 2006இல் எச்.டி. டிவிடியும் ப்ளூ-ரேயும் மோதின. வார்னர் பிரதர்ஸ் 2008 ஜனவரியில் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்ததும், அடுத்த மாதமே டோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. ஆயினும் வென்ற ப்ளூ-ரே, வெளிவந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் அமெரிக்காவில் டிவிடியைவிடக் குறைவாகவே விற்றது. இதனிடையே 2007இல் தொடங்கிய நெட்பிளிக்ஸ் இணைய ஓடை, டிவிடியின் தரத்துக்கும் குறைந்த படத்தைத் தந்தபோதிலும், வட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்ற ஒரே காரணத்தால் மக்களை ஈர்த்தது. இசையிலும் இதுவே நிகழ்ந்தது: குறுந்தகட்டைவிட உயர்ந்த ஒலியைப் பூட்டுடன் தந்த எஸ்.ஏ.சி.டி., டிவிடி-ஆடியோ வட்டுகள் ஒதுக்கப்பட, குறுந்தகட்டைவிடத் தாழ்ந்த எம்.பி.3 கோப்பு உலகை ஆண்டது.

தமிழ்நாட்டின் அனுபவம் இந்த உண்மையின் கூர்மையான வடிவம். 1993இல் வகுக்கப்பட்ட விசிடி தரத்தில் ஒரு படம் 352க்கு 288 புள்ளிகள், அதாவது சுமார் ஒரு லட்சம் புள்ளிகள் மட்டுமே கொண்டது. சாதாரணத் தொலைக்காட்சிப் படத்தின் கால் பங்கு. அந்த வட்டில் நகல் தடுப்பு எதுவும் இல்லை. திரையரங்கில் கேமராவை மறைத்து வைத்துப் பிடித்த, பார்வையாளர்களின் தலைகளும் இருமலும் பதிந்த படங்கள் இந்த வடிவில் விற்றுத் தள்ளப்பட்டன. திருட்டு விசிடியால் திரையுலகம் கண்ட கலக்கம் எத்தகையதெனில், 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தை 2004இல் திருத்தி, விசாரணையின்றித் தடுத்து வைக்கத்தக்கோர் பட்டியலில் காணொளித் திருடர்களையும் தமிழ்நாடு அரசு சேர்த்தது. மிகத் தாழ்ந்த தெளிவுள்ள நகலே மிகப் பெரிய அச்சத்தைத் தோற்றுவித்தது என்பதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. புதிய படத்தை உடனே, மலிவாகப் பார்ப்பதே பெருந்திரளான பார்வையாளரின் முதல் விருப்பம். தெளிவு அதற்குப் பின்னரே வருகிறது. உயர் தெளிவு வட்டைப் பூட்டுவதால் திரையரங்கில் பிடித்த படத்தைத் தடுக்க இயலாது என்பது மற்றொன்று.

அவ்வாறாயின் உயர் தெளிவு எங்கும் பரவியது எப்படி என்ற கேள்வி எழலாம். கனத்த படக்குழாய்ப் பெட்டிகளை மெல்லிய தட்டைத் திரைகள் விரட்டியபோது, அந்தத் திரைகள் இயல்பாகவே உயர் தெளிவுக்குரிய புள்ளிகளுடன் வந்தன. சுவரில் மாட்டத்தக்க மெல்லிய பெரிய திரையை வாங்கியவருக்குத் தெளிவும் சேர்ந்தே கிடைத்தது. திரை பெரிதான பின்னர், முன்பு மறைந்திருந்த பழைய ஒளிபரப்பின் குறைகள் கண்ணில் பட்டு, உயர் தெளிவு ஒரு தேவையாகவே மாறிற்று. இந்தியாவில் 2010 காமன்வெல்த் போட்டிகளைத் தூர்தர்ஷன் உயர் தெளிவில் ஒளிபரப்பியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017இல் வகுத்து 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகள், ஒரு எச்.டி. அலைவரிசையை இரண்டு சாதாரண அலைவரிசைகளுக்கு ஈடாகக் கணக்கிட்டன. தெளிவு இங்குத் தனியாக விலை குறிக்கப்பட்ட பொருளாயிற்று.

பூட்டுகள் உடைந்த வரலாறு

இந்தப் பூட்டுகளின் அடிப்படை மறையாக்கம், அதாவது தகவலைத் திறவுகோல் இல்லாதவருக்குப் புரியாத வடிவில் மாற்றுவது. கடிதப் போக்குவரத்தில் அனுப்புபவரும் பெறுபவரும் நண்பர்கள், இடையில் நிற்பவரே எதிரி. நகல் தடுப்பிலோ பெறுபவரும் ஐயத்துக்குரியவரும் ஒருவரே. படத்தைப் பார்க்க அவருக்குத் திறவுகோல் தரப்பட வேண்டும், ஆனால் அது தம் கையில் இருப்பதை அவர் அறியக் கூடாது. எனவே திறவுகோலைப் பிளேயருக்குள் ஒளித்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒளித்து வைத்தது ஒருநாள் கண்டெடுக்கப்படும். உலகில் ஒருவர் கண்டெடுத்தாலே போதும், பூட்டு நீங்கிய கோப்பு எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது.

டிவிடியைக் காத்த சி.எஸ்.எஸ். முறை 40 பிட் நீளமுள்ள திறவுகோலை மட்டுமே நம்பியிருந்தது. 1999இல் வெளியான டி.சி.எஸ்.எஸ். என்ற சிறு நிரல் அதை உடைத்தது. அதனுடன் தொடர்புடையவராக வழக்கைச் சந்தித்த நார்வே இளைஞர் ஜோன் லெக் யோகான்சன், தாம் வாங்கிய வட்டைத் தாம் பார்க்க வழி செய்தது குற்றமன்று என்று 2003இல் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ 1998ஆம் ஆண்டின் எண்ணியல் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதற்கான கருவியைப் பரப்புவதையே தடை செய்திருந்ததால், அந்த நிரலை வெளியிட்ட ஓர் இதழுக்கு எதிராக 2000இல் தீர்ப்பு வந்தது.

உயர் தெளிவு வட்டுகளுக்காக ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், சோனி, டோஷிபா, பானசோனிக், டிஸ்னி, வார்னர் ஆகியவை கூடி அமைத்த ஏ.ஏ.சி.எஸ். முறை, 128 பிட் திறவுகோல்களுடன், கசிந்த திறவுகோலைப் பின்னர் வரும் வட்டுகளில் செல்லாததாக்கும் ஏற்பாட்டையும் கொண்டிருந்தது. முதல் வட்டுகள் வந்த 2006ஆம் ஆண்டின் இறுதியிலேயே அதை மீறும் நிரல் வெளியாயிற்று. திறவுகோல் கசிந்த கணினிப் பிளேயர் மென்பொருள்கள் 2007இல் செல்லாதவையாக்கப்பட்டபோது, அவற்றை முறையாக வாங்கியவர்கள் புதிய பதிப்பை நிறுவாமல் புதிய வட்டுகளைப் பார்க்க இயலாமல் போயிற்று. உடைத்தவர்கள் தம் வேலையைத் தொடர்ந்தனர்.

பிளேயரிலிருந்து தொலைக்காட்சிக்குச் செல்லும் கம்பியைக் காக்க இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. முறையில், இரு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்ட பிறகே படம் கடத்தப்படுகிறது. நாற்பது கருவிகளின் திறவுகோல்கள் கிடைத்தால் முறை முழுவதற்குமான மூலத் திறவுகோலைக் கணக்கிட்டுவிடலாம் என்று ஆய்வாளர்கள் 2001இலேயே எழுதினர். 2010 செப்டம்பரில் அந்த மூலத் திறவுகோல் பகிரங்கமாயிற்று, இன்டெல் அதை உண்மையென்று ஒப்புக்கொண்டது. 4கே படங்களுக்காக அடுத்த தலைமுறை எச்.டி.சி.பி. வந்தது, அதை அறியாத பழைய தொலைக்காட்சிகள், புதிய பிளேயர்கள் அனுப்பும் முழுத் தெளிவைப் பெறத் தகுதியற்றவையாயின.

தண்டனை யாருக்கு?

பூட்டு யாரைத் தடுக்க வைக்கப்பட்டது என்பதைவிட உண்மையில் யாரைத் தடுக்கிறது என்பதே பார்வையாளரின் நோக்கில் முக்கியமானது. அமெரிக்காவில் 1998 முதல் சில ஆண்டுகள் விற்ற உயர் தெளிவுத் தொலைக்காட்சிகள் பலவற்றில் பூட்டில்லாத ஒப்புமை நுழைவாய்கள் மட்டுமே இருந்தன. ஏ.ஏ.சி.எஸ். விதிகளோ, திரைப்பட நிறுவனம் விரும்பினால் அத்தகைய நுழைவாய்க்குச் செல்லும் படத்தை 960க்கு 540 புள்ளிகளாகத் தாழ்த்த இடமளித்தன. உயர் தெளிவுக்காக மற்றெவரையும்விட முன்னதாகவும் அதிகமாகவும் செலவிட்டவர்களே இதனால் பாதிக்கப்படும் நிலையில் இருந்தனர். அந்த அதிகாரம் தொடக்க காலத்தில் பயன்படுத்தப்படாமல் விடப்பட்டது என்பதே, அது எத்தகைய எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்பதற்குச் சான்று.

4கே ப்ளூ-ரே வட்டுகளைக் கணினியில் பார்க்க இன்டெல் செயலிகளில் இருந்த ஒரு பாதுகாப்புக் கூறு கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2021 முதல் வந்த மேசைக் கணினிச் செயலிகளில் இன்டெல் அதை நீக்கிவிட்டதால், புதிய கணினி வாங்கியவரால் பழைய வட்டைப் பார்க்க முடியாத விந்தை நேர்ந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பயன்படும் வைட்வைன் என்ற நகல் தடுப்பு முறை கருவிகளை நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலைச் சான்று பெறாத கைபேசியில், சந்தாவை முழுதாகச் செலுத்தியவருக்கும் தாழ்ந்த தெளிவே தரப்படுகிறது. 2018இல் இந்தியாவில் வெளியாகி நன்கு விற்ற போகோ எஃப்1 கைபேசி இந்தச் சான்றின்றி வந்து, பின்னர் மென்பொருள் மேம்படுத்தலால் அதைப் பெற்றது. அதே வைட்வைனின் தாழ்ந்த நிலை 2019 தொடக்கத்தில் ஓர் ஆய்வாளரால் உடைக்கப்பட்டது. பூட்டு நீங்கிய கோப்பைச் சட்டத்துக்குப் புறம்பாக இறக்கிப் பார்ப்பவருக்கு இந்தத் தடைகளுள் ஒன்றுகூட இல்லை. சந்தா செலுத்துபவருக்கே அனைத்தும் உண்டு.

உடைந்த பூட்டு ஏன் நீடிக்கிறது?

ஒவ்வொரு முறையும் உடைந்துவிடும் ஒன்றில் ஒரு தொழில்துறை கால் நூற்றாண்டாக முதலீடு செய்கிறதென்றால், படியெடுப்பதைத் தடுப்பதைத் தவிர வேறொரு பயன் அதில் இருக்க வேண்டும். அந்தப் பயன் உரிம ஒப்பந்தம். வட்டை இயக்கும் எந்தக் கருவிக்கும் திறவுகோல் வேண்டும்; திறவுகோல் வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; பிளேயர் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதை அந்த ஒப்பந்தம் வரையறுக்கும். உலகை மண்டலங்களாகப் பிரித்து ஒரு நாட்டு வட்டை இன்னொரு நாட்டில் ஓடாமல் செய்ததும், தாண்ட முடியாத முன்னறிவிப்புகளை வாங்கிய வட்டிலேயே பார்க்க வைத்ததும் இவ்வழியாகவே இயன்றன.

கலைடெஸ்கேப் நிறுவனத்தின் வழக்கு இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. முறையாக உரிமம் பெற்ற அந்நிறுவனம், ஒருவர் தாம் வாங்கிய டிவிடிகளைத் தம் வீட்டுச் சேமிப்பகத்தில் ஏற்றிப் பார்க்க உதவும் விலையுயர்ந்த கருவியை விற்றது. டிவிடி உரிம அமைப்பு 2004இல் அதன் மீது வழக்குத் தொடுத்தபோது முன்வைத்த குற்றச்சாட்டு ஒப்பந்த மீறல். பத்தாண்டுகள் நீடித்து 2014இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதே நோக்கில் ரியல்நெட்வொர்க்ஸ் வெளியிட்ட மலிவான மென்பொருளை 2009இல் அமெரிக்க நீதிமன்றம் தடை செய்தது. இவ்விரண்டு வழக்குகளும் திருட்டு நகலைப் பரப்பியதைப் பற்றியவை அல்ல. வாங்கிய படத்தை வசதியாகப் பார்க்க வழி செய்யும் புதிய கருவியை, உரிமையாளரின் அனுமதியின்றிச் சந்தைக்கு வர விடாமல் நிறுத்தும் ஆற்றலே பூட்டின் உண்மையான வலிமை.

இந்த ஆற்றலுக்கு எல்லை வகுக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. வான்வழி ஒளிபரப்புக்கும் நகல் தடைக் குறியைக் கட்டாயமாக்கி அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2003இல் பிறப்பித்த ஆணையை, ஒளிபரப்பைப் பெற்ற பின் கருவி என்ன செய்கிறது என்பதை ஒழுங்குபடுத்த ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று கூறி 2005 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தோருள் முதன்மையானது அமெரிக்க நூலகச் சங்கம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு அமெரிக்கச் சட்டத்தைவிட நிதானமானது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பதையே அது இரண்டாண்டு வரையிலான சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை அது விலக்கி வைக்கிறது. மறுபுறம் இசைத் துறை தானாகவே பூட்டைக் கைவிட்டது: 2007இல் ஈ.எம்.ஐ. தொடங்கி வைக்க, 2009க்குள் ஐடியூன்ஸ் கடையின் பாடல்கள் பூட்டின்றி விற்கப்பட்டன. அதனால் இசை விற்பனை அழிந்துவிடவில்லை.

தொகுத்து நோக்கினால், உயர் தெளிவு வீண் ஆரவாரம் என்று ஒதுக்கத் தக்கதன்று. போதிய அளவுள்ள திரையும் பொருத்தமான தொலைவும் தாராளமான பிட் வீதமும் கூடிய இடத்தில் அதன் பயன் மெய்யானது. அவை கூடாத இடத்தில் அது வெறும் எண். நகல் தடுப்போ எந்த நிபந்தனையிலும் பார்வையாளருக்கு நன்மை எதையும் தருவதில்லை; இயங்கும்போது அது அவர் கண்ணில் படுவதில்லை, பழுதாகும்போது அவருக்கு மட்டுமே இழப்பு. ஆகவே தொலைக்காட்சியோ கைபேசியோ சந்தாவோ விற்பவர், எந்தக் கருவியில் எவ்வளவு தெளிவும் பிட் வீதமும் கிடைக்கும், எந்தப் பூட்டு எதைத் தடுக்கும் என்பவற்றை விலைக்கு அருகிலேயே அச்சிட வேண்டும் என்று நுகர்வோர் சட்டம் கோருவது நியாயம். வாங்கும் பார்வையாளரும் கோடுகளின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன், தம் அறையின் நீளத்தை அளந்துகொள்வது நல்லது.